க்ளென்னுக்காக அழ விடவில்லை

2016 அக்டோபர் 23, ஞாயிறு இரவு. ‘தி வாக்கிங் டெட்’ தொடரின் 7ஆம் சீசன் முதல் எபிசோடை அமெரிக்காவில் சுமார் 1 கோடியே 70 லட்சம் பேர் பார்த்தார்கள். கேபிளில் வரும் ஒரு தொடருக்கு அது மலைக்க வைக்கும் கூட்டம். அடுத்த ஞாயிறு அதே நேரம் 2ஆவது எபிசோடு வந்தபோது அந்தக் கூட்டம் ஏறக்குறைய 1 கோடியே 25 லட்சமாகக் குறைந்திருந்தது. ஒரே வாரத்தில் 45 லட்சம் பேர் கிளம்பிவிட்டார்கள். அந்தப் பழைய எண்ணிக்கையைத் தொடர் அதற்கப்புறம் ஒருநாளும் எட்டவில்லை.

ஏன் போனார்கள் என்று கேட்டால் வழக்கமாக வரும் பதில், ‘வன்முறை எல்லை மீறிவிட்டது’ என்பது. நான் அதை ஏற்கவில்லை. 6 சீசன்களாக நடைபிணங்கள் மனிதர்களைப் பிய்த்துத் தின்பதைப் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். ரத்தத்துக்குப் பயந்து ஓடுகிறவர்கள் என்றால் முதல் சீசனிலேயே ஓடியிருப்போம். அன்று அறுந்துபோனது வேறொன்று. அந்த எபிசோடில் க்ளென் என்ற பாத்திரம் செத்ததற்காக யாரும் தொடரைக் கைவிடவில்லை, அவனுக்காக எங்களை ஒழுங்காக அழ விடவில்லை என்பதற்காகத்தான் கைவிட்டார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பார்க்காதவர்களுக்கு க்ளென்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2010 அக்டோபர் 31 அன்று வந்த முதல் எபிசோடின் முடிவில், அட்லாண்டா நகரத் தெருவில் ஒரு ராணுவ டாங்கிக்குள் கதாநாயகன் ரிக் மாட்டிக்கொண்டு கிடப்பார். சுற்றிலும் நூற்றுக்கணக்கில் பிணங்கள். அப்போது டாங்கியின் ரேடியோவில் ஓர் இளைஞனின் குரல் அவரைக் கிண்டலாகக் கூப்பிடும். அதுதான் க்ளென். உலகம் அழிவதற்கு முன்னால் பீட்சா டெலிவரி செய்துகொண்டிருந்தவன். அதனால் ஊரின் சந்துபொந்தெல்லாம் அவனுக்கு அத்துப்படி. முகம் தெரியாத ஒருவனுக்காக உயிரைப் பணயம் வைத்துப் போய்க் காப்பாற்றினான். ஏன் காப்பாற்றினாய் என்று ரிக் கேட்டபோது, நாளைக்கு நான் இப்படி மாட்டிக்கொண்டால் யாராவது எனக்கும் செய்வார்கள் என்ற நம்பிக்கைதான் என்கிற மாதிரி ஒரு பதில் சொன்னான். தொடர் முழுக்க ரிக் மாறினார், கரோல் மாறினார், டேரில் மாறினார். அந்த முதல் நாள் குணத்தைக் கடைசி வரை காப்பாற்றியவன் க்ளென் ஒருவன்தான்.

ஸ்டீவன் யூன் அந்த வேடத்தில் நடித்தார். சியோலில் பிறந்து அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வளர்ந்தவர். ஆசிய முகம் கொண்ட ஓர் ஆண், அமெரிக்கத் தொலைக்காட்சியில் காமெடிக்காகவோ கராத்தேக்காகவோ இல்லாமல் காதலனாக, கணவனாக, அப்பாவாகப் போகிறவனாக வந்தது அன்றைக்குச் சின்ன விஷயமே இல்லை. ஒரு பண்ணை வீட்டுப் பெண்ணான மேகியை அவன் காதலித்ததும், அவள் அப்பா ஹெர்ஷல் தன் பாக்கெட் கடிகாரத்தை அவனிடம் கொடுத்ததும் எனக்கு இன்றும் மனப்பாடம். வீட்டு மாப்பிள்ளையைப் பிடித்துப்போவது மாதிரிதான் எனக்கு க்ளென்னைப் பிடித்தது.

இந்த ரசிகர்களுக்கு மரணம் புதிதில்லை. 2ஆம் சீசனின் பாதியில், பல வாரங்களாகத் தேடிக்கொண்டிருந்த சிறுமி சோஃபியா, களஞ்சியத்துக்குள்ளிருந்து நடைபிணமாக வெளியே வருவாள். எல்லோரும் உறைந்து நிற்க ரிக் துப்பாக்கியை எடுப்பார். 2013 டிசம்பரில் ‘கவர்னர்’ என்ற பட்டப்பெயர் கொண்ட வில்லன் வாளை எடுத்து ஹெர்ஷலின் கழுத்தை வெட்டினான், மகள்கள் இரண்டு பேரும் வேலிக்குப் பின்னால் நின்று பார்க்கும்போதே. 2015 மார்ச்சில் சுழல் கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தன் கூட்டாளி நோவாவைப் பிணங்கள் கிழிப்பதை க்ளென் பார்த்துக்கொண்டே நின்றான். மூன்றுமே கொடூரமான காட்சிகள். மூன்றுக்கும் மக்கள் அழுதார்கள், புலம்பினார்கள், கவர்னரைத் திட்டித் தீர்த்தார்கள். ஆனால் அடுத்த வாரம் வந்து உட்கார்ந்தார்கள். 5ஆம் சீசனின் முதல் எபிசோடை 1 கோடியே 73 லட்சம் பேர் பார்த்தார்கள், தொடரின் வரலாற்றிலேயே அதிகம். அது ஹெர்ஷல் செத்த பிறகு. இழப்பைத் தாங்க முடியாத கூட்டமாக இது எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் வந்தது 2015 அக்டோபர் 25. 6ஆம் சீசனின் 3ஆவது எபிசோடு. க்ளென்னும் அவனோடு வந்த நிக்கோலஸும் ஒரு பெரிய குப்பைத்தொட்டியின் மேல் ஏறி நிற்கிறார்கள். நாலு பக்கமும் பிணக்கூட்டம். நிக்கோலஸ் நன்றி சொல்லிவிட்டுத் தன் தலையில் சுட்டுக்கொள்கிறான். அவன் உடம்பு க்ளென் மேல் விழ, இரண்டு பேரும் கூட்டத்துக்குள் சரிகிறார்கள். க்ளென்னின் முகம் அலறுகிறது, கீழே குடல் உருவப்படுகிறது. காட்சி முடிந்தது.

அந்த ராத்திரி ரசிகர்கள் செய்த வேலையை நினைத்தால் இப்போதும் எனக்கு மனது கனக்கும். துக்கம் கொண்டாட வேண்டியவர்கள் துப்பறியத் தொடங்கினார்கள். உருவப்படும் குடல் க்ளென்னுடையதா, அவன் மேல் கிடக்கும் நிக்கோலஸுடையதா? கேமரா கோணம் என்ன சொல்கிறது? குப்பைத்தொட்டிக்கு அடியில் ஓர் ஆள் நுழைய இடம் இருக்கிறதா? அந்த நாட்களில் எபிசோடு முடிந்ததும் கிறிஸ் ஹார்ட்விக் நடத்திய ‘டாக்கிங் டெட்’ உரையாடல் நிகழ்ச்சி வரும். முக்கியமான பாத்திரம் செத்தால் அந்த நடிகர் அன்று அங்கே வந்து உட்கார்ந்து விடைபெறுவது வழக்கமாக இருந்தது. யூன் வரவில்லை. மாறாக, தொடரின் பொறுப்பாளர் ஸ்காட் கிம்பிளிடமிருந்து ஓர் அறிக்கை வாசிக்கப்பட்டது. க்ளென்னை ஏதோ ஒரு வடிவத்தில் மீண்டும் பார்ப்போம் என்று பிடிகொடுக்காமல் பேசியது அது. அடுத்த எபிசோடில் தொடக்கப் பெயர் வரிசையிலிருந்து யூனின் பெயரை நீக்கினார்கள். கதைக்குள் சொல்ல வேண்டிய பொய்யைக் கதைக்கு வெளியே கொண்டுவந்து, பெயர்ப் பட்டியலிலும் சொன்னார்கள். அந்தச் செயலைத்தான் என்னால் சீரணிக்க முடியவில்லை.

4 வாரம் கழித்து, நவம்பர் 22 அன்று, க்ளென் குப்பைத்தொட்டிக்கு அடியில் நுழைந்து தப்பித்தான் என்று காட்டினார்கள். எல்லோருக்கும் மகிழ்ச்சிதான், எனக்கும்தான். ஆனால் அந்த மகிழ்ச்சியில் ஒரு கசப்பு இருந்தது. உண்மையாகக் கலங்கியவர்களை முட்டாளாக்கிவிட்டார்கள். இனி இவன் நிஜமாகச் செத்தாலும் முதலில் சந்தேகம்தான் வரும், கண்ணீர் வராது என்பது அன்றே தெரிந்துவிட்டது.

அவன் சாவான் என்பது காமிக்ஸ் படித்தவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். ராபர்ட் கிர்க்மன் எழுதிய மூலக் காமிக்ஸின் 100ஆவது இதழ் 2012 ஜூலையில் வந்தது. அதில் நீகன் என்ற கும்பல் தலைவன், லூசில் என்று பெயர் வைத்த முள்கம்பி சுற்றிய பேஸ்பால் மட்டையால் க்ளென்னை அடித்துக் கொல்வான். மேகியின் பெயரைச் சொல்லிக்கொண்டே சாவான் க்ளென். அந்தப் பக்கங்களைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் அங்கே ஒரு நேர்மை இருந்தது: நீகன் வருகிறான், அடிக்கிறான், யாரை அடித்தான் என்பது அதே இதழில் தெரிந்துவிடுகிறது. படிப்பவர் அந்த இடத்திலேயே உடைந்துபோகலாம்.

தொலைக்காட்சியில் என்ன செய்தார்கள்? 2016 ஏப்ரல் 3, 6ஆம் சீசனின் கடைசி எபிசோடு. இரவு, காடு, வண்டிகளின் முகப்பு வெளிச்சம். ரிக், அவர் மகன் கார்ல், டேரில், மிஷோன், க்ளென், கர்ப்பிணியாக நோயோடு இருக்கும் மேகி என்று 11 பேர் வரிசையாக முழங்காலில். ஜெஃப்ரி டீன் மார்கன் நீகனாக வந்து, ஒவ்வொருவர் முன்னாலும் மட்டையை நீட்டிக் குழந்தைகள் பாடும் எண்ணுப் பாட்டைப் பாடுகிறார். பாட்டு ஒருவரிடம் முடிகிறது. சட்டென்று கேமரா அந்த ஆளின் கண்ணாக மாறுகிறது. மட்டை நம் மேலேயே இறங்குகிறது, திரையில் ரத்தம் வழிகிறது, இருள். யார் என்று சொல்லவில்லை. அக்டோபர் வரை காத்திருங்கள் என்றார்கள்.

மார்கனின் நடிப்பில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. அந்தக் காட்சியின் பத்து நிமிடத்துக்கும் மேலான பேச்சு, தொலைக்காட்சியில் நான் பார்த்த மிகச் சிறந்த வில்லன் அறிமுகங்களில் ஒன்று. ரிக்காக நடித்த ஆண்ட்ரூ லிங்கனின் முகத்தில் ஒரு மனிதன் நொறுங்குவது அப்பட்டமாகத் தெரியும். அத்தனை உழைப்பையும் கடைசி அரை நிமிடத்தில் ஒரு விடுகதைக்காக அடகு வைத்தார்கள் என்பதுதான் எங்கள் ஆத்திரம். கிம்பிளும் கிர்க்மனும் அந்த முடிவை நியாயப்படுத்திப் பேட்டிகள் கொடுத்தார்கள். கோபம் குறையவில்லை.

அடுத்த ஏழு மாதம் நடந்ததை வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குக் கேளிக்கையாகத் தெரிந்திருக்கும். கடைசி அடியின் சத்தத்தைப் பிரித்தெடுத்து, கத்துவது ஆணா பெண்ணா என்று ஆராய்ந்தார்கள். நீகன் நடந்த அடிகளை எண்ணி, பாட்டு யாரிடம் முடிந்திருக்கும் என்று படம் போட்டார்கள். ஜார்ஜியாவில் படப்பிடிப்புத் தளத்துக்கு எந்த நடிகர் வருகிறார், யார் வரவில்லை என்று சிலர் கண்காணித்தார்கள். முன்கூட்டியே கதையை வெளியிடும் ரசிகர் குழு ஒன்றுக்கு, தொடரை ஒளிபரப்பிய ஏஎம்சி நிறுவனம் வழக்குப் போடுவோம் என்று எச்சரிக்கைக் கடிதமே அனுப்பியது. ரகசியம் கசியாமலிருக்க, வேறு நடிகர்கள் சாவது போலவும் காட்சிகள் எடுத்து வைத்தார்கள். ஒரு மனிதனின் சாவு, இத்தனை பேர் சேர்ந்து விடை தேடும் கணக்காகிவிட்டது. கணக்குக்கு விடை கிடைத்தால் ‘நான் அப்போதே சொன்னேன்’ என்ற திருப்தி வரும். அழுகை எங்கிருந்து வரும்?

சரி, அக்டோபர் 23. அமெரிக்காவில் இரவு 9 மணி என்றால் நமக்குத் திங்கள் காலை ஆறரை. நான் போனை அணைத்துவிட்டு வேலைக்குப் போய், மாலை வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பார்த்தேன்.

எபிசோடு தொடங்கும்போது கொலை முடிந்துவிட்டிருந்தது! யார் என்று அப்போதும் சொல்லவில்லை. நீகன் ரிக்கை வண்டியில் ஏற்றிக்கொண்டு பனிமூட்டத்துக்குள் போகிறான், கோடரியைத் தூக்கிப் போட்டு எடுத்துவரச் சொல்கிறான். ரிக்கின் நினைவில் ஒவ்வொரு முகமாக வந்து போகிறது. ஏழு மாதம் போதாதென்று இன்னும் இருபது நிமிடம். பிறகுதான் மட்டை, வரிசையில் இருந்த ஏப்ரஹாம் மேல் இறங்கியது என்று காட்டினார்கள்.

அந்த இடத்தில் என் மனதில் நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். ஏப்ரஹாம் எனக்குப் பிடித்த பாத்திரம். ஆனாலும் மூச்சு இறங்கி வந்தது. க்ளென் பிழைத்துவிட்டான், காமிக்ஸை மாற்றிவிட்டார்கள் என்று. எண்ணற்ற ரசிகர்கள் இதையே சொன்னார்கள். நண்பன் ஒருவன் சாகும்போது ‘நல்லவேளை’ என்று நினைக்க வைத்துவிட்டார்கள். சாகும் முன் நிமிர்ந்து நீகனின் முகத்தைப் பார்த்தானே ஏப்ரஹாம், அந்த வீரத்துக்குத் தர வேண்டிய துக்கத்தை நாங்கள் தரவில்லை. டேரில் பொறுக்க முடியாமல் எழுந்து நீகனின் முகத்தில் கைமுட்டியால் குத்துகிறான். அதற்குத் தண்டனையாக, எதிர்பாராத நொடியில், மட்டை க்ளென் மேல் விழுகிறது.

முதல் அடியில் அவன் சாகவில்லை. மண்டை பிளந்து, ஒரு கண் பிதுங்கி வெளியே வந்த நிலையில், வாய் குழறி, மேகியைப் பார்த்து ‘உன்னைக் கண்டுபிடிப்பேன்’ என்கிறான். 6 வருடம் பார்த்த ஒருவனின் கடைசி வார்த்தை. இந்த வரியை எழுதிய கை நல்ல கை. அவர்கள் தங்கியிருந்த சிறைச்சாலை விழுந்தபின் மேகியைத் தேடி ரயில் பாதை நெடுக நடந்தவன் அவன். செத்த பின்னும் தேடுவேன் என்கிறான். ஆனால் அதை உள்வாங்க விடாமல் நீகன் அவன் கண்ணைக் காட்டிக் கேலி பேசிக்கொண்டே அடித்துக்கொண்டிருந்தான், கேமரா சிதைந்த தலையின் பக்கத்திலேயே நின்றது. அப்புறம் ரிக் தன் மகனின் கையை வெட்ட வேண்டும் என்கிற இன்னொரு சித்திரவதை. க்ளென் செத்த சில நிமிடங்களிலேயே நம் பயத்தைக் கார்லின் கைக்கு மாற்றிவிட்டார்கள். கடைசியில், நடக்கவே போகாத ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்து: நீண்ட மேசை, எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள், க்ளென்னின் மடியில் அவன் பிள்ளை. அங்கேதான் எனக்கு அழுகை வந்தது. முழு எபிசோடிலும் எங்களை மனிதர்களாக மதித்த காட்சி அது ஒன்றுதான்.

அன்றிரவு ‘டாக்கிங் டெட்’ சிறப்பு நிகழ்ச்சியை லாஸ் ஏஞ்சலிஸில் ஹாலிவுட் ஃபாரெவர் கல்லறைத் தோட்டத்தில், திறந்த வெளியில், ரசிகர்களைக் கூட்டி நடத்தினார்கள். யூனும் ஏப்ரஹாமாக நடித்த மைக்கேல் கட்லிட்ஸும் வந்திருந்தார்கள். காமிக்ஸில் எழுதிய அந்தச் சாவை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று யூன் தானாகவே கேட்டிருக்கிறார். நடிகராக அவர் சொன்னது எனக்குப் புரிகிறது. அவருக்கு அது கிடைக்க வேண்டிய காட்சிதான். என் சண்டை அந்தச் சாவோடு இல்லவே இல்லை.

பெற்றோர் தொலைக்காட்சிக் கவுன்சில் என்ற அமெரிக்க அமைப்பு அந்த எபிசோடின் வன்முறையைக் கடுமையாகக் கண்டித்தது. செய்திகளில் அந்தக் குரல்தான் பெரிதாகக் கேட்டது. தயாரிப்பாளர்களுக்கும் அது வசதியாகிவிட்டது. அதற்குப் பின் வந்த எபிசோடுகளில் வன்முறையைக் குறைத்தோம் என்று தயாரிப்பாளர் கேல் ஆன் ஹர்ட் 2017 தொடக்கத்தில் சொன்னார். அதாவது, ரத்தத்தைக் குறைத்தால் போதும் என்று புரிந்துகொண்டார்கள். ரசிகர்கள் கேட்டதோ வேறு. எங்களிடம் விளையாடாதீர்கள் என்றுதான் கேட்டார்கள்.

கோபத்துக்கும் எல்லை உண்டு என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். நீகன் பக்கம் சாய்ந்த யூஜினாக நடித்த ஜாஷ் மெக்டெர்மிட்டுக்குக் கொலை மிரட்டல்கள் வந்து, அவர் 2017இல் சமூக ஊடகங்களை விட்டே விலகினார். எழுதிக் கொடுத்ததை நடித்த மனிதரை மிரட்டியவர்கள் என் கூட்டமில்லை. க்ளென்னை நேசித்தேன் என்று சொல்லும் ஒருவர் அந்தக் காரியத்தைச் செய்யவே முடியாது.

அந்தச் சீசனின் 5ஆவது எபிசோடில்தான் அவனுக்கு ஒரு நல்ல வழியனுப்பு நடந்தது. ஹில்டாப் குடியிருப்பில் அவன் கல்லறை. மேகி அந்தப் பாக்கெட் கடிகாரத்தை அங்கே வைக்கிறாள். ஈனிட் என்ற சிறுமி பச்சை பலூன்களைக் கொண்டுவருகிறாள். குப்பைத்தொட்டியிலிருந்து தப்பிய க்ளென், தான் உயிரோடிருப்பதை மேகிக்குத் தெரிவிக்கப் பறக்கவிட்ட அதே பச்சை பலூன். சத்தமில்லாத, அழகான காட்சி. போனவர்கள் போன பிறகு வந்தது. கூட்டம் இருந்தபோதே இதைக் காட்டியிருக்க வேண்டும்.

2017 டிசம்பரில் கார்ல் கடிபட்டதாகக் காட்டி, அவன் சாவை 2018 பிப்ரவரிக்குத் தள்ளிவைத்தபோது, கிம்பிளை நீக்கக் கோரி ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். அது வேறு கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன். 2022 நவம்பரில் தொடர் முடிந்தபோது பார்த்தவர்கள் 23 லட்சம் பேர்கூட இல்லை. ஓடிடிக்கு மக்கள் நகர்ந்ததும் ஒரு காரணம்தான், எல்லாப் பழியையும் ஓர் எபிசோடின் தலையில் போட மாட்டேன். ஆனால் சரிவு எந்த வாரம் தொடங்கியது என்பதை எண்கள் சொல்கின்றன.

என் சித்தி மகள் இதையெல்லாம் வருடங்கள் கழித்து, ஓடிடியில், விடுமுறையில் தொடர்ச்சியாகப் பார்த்தாள். குப்பைத்தொட்டிக் காட்சிக்கும் க்ளென் திரும்பி வந்ததற்கும் நடுவே அவளுக்கு ஒரு மாலைப்பொழுதுதான் போயிருந்தது. ஏப்ரல் 3க்கும் அக்டோபர் 23க்கும் நடுவே சில நொடி. “அண்ணா, க்ளென் செத்ததுக்கு ரெண்டு நாள் சாப்பாடே இறங்கலை. ஆனா நீங்க எல்லாம் ஏன் இவ்வளவு கோபமா இருந்தீங்கன்னு மட்டும் புரியலை” என்றாள். ஒரே எபிசோடு, ஒரே ரத்தம், அதே மட்டை. அவள் அழுதாள், தொடர்ந்து பார்த்தாள், 11 சீசனையும் முடித்தாள். வன்முறைதான் காரணம் என்று சொல்பவர்களுக்கு நான் காட்டும் சாட்சி அவள்தான். இடையில் அந்தக் காத்திருப்பையும் கண்கட்டு வித்தையையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது துக்கம் மட்டும்தான்.

இப்போது எங்களுக்குள் சண்டை நீகனைப் பற்றி. பிந்தைய சீசன்களில் அவன் திருந்திவிட்டான், 2023இல் வந்த ‘டெட் சிட்டி’ என்ற கிளைத்தொடரில் மேகியோடு சேர்ந்தே பயணம் போகிறான், இனியாவது விட்டுவிடலாமே என்கிறாள் அவள். தொடரின் கடைசி எபிசோடில் மேகியே அவனிடம், நீ செய்த நல்லதுக்கெல்லாம் நன்றி, ஆனால் என்னால் மன்னிக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டாள் என்பேன் நான். அதற்கு அவள், மேகி மன்னிக்க வேண்டாம், நீங்கள் ஏன் மன்னிக்கக் கூடாது என்று கேட்கிறாள். நீகனை மன்னிப்பதில் எனக்குப் பெரிய சிரமமில்லை. அவன் கதைக்குள் இருப்பவன், அவனுக்குத் திருந்தப் பல சீசன் கொடுத்தார்கள். பெயர் வரிசையிலிருந்து யூனின் பெயரை எடுத்தவர்களை நினைத்தால்தான் எனக்கு இன்னமும் ஆறவில்லை.